உங்க லேப்டாப்பில் ஒளிந்திருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ ஃபைல்: இணையத்தின் பெயர்ப் பதிவேட்டைக் காத்த ஜான் போஸ்டலின் கதை

வெப்சைட் டெவலப் பண்றவங்களுக்கு இது தினசரி வேலை. ஒரு நகைக்கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சைட் தயாராகிக்கொண்டிருக்கும். இன்னும் இணையத்தில் ஏற்றவில்லை. ஆனால், தன் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து ‘கடை.டெஸ்ட்’ மாதிரி ஒரு பெயரை டைப் செய்தால் சைட் வந்து நிற்கும். அந்தப் பெயரை யாரிடமும் வாங்கவில்லை, ஒரு ரூபாய்கூட கட்டவில்லை. செய்தது ஒன்றே ஒன்றுதான். ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, 127.0.0.1 என்று எழுதி, ஒரு ஸ்பேஸ் விட்டு, பக்கத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

லினக்ஸ், மேக் இரண்டிலும் இந்த ஃபைல் ‘எட்சி’ ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் கொஞ்சம் உள்ளே போகணும்: சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் எட்சி. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் மாற்ற விடும். நோட்பேடில் புதிதாக சேவ் செய்யும்போது அது பெயரின் வாலில் ‘டாட் டிஎக்ஸ்டி’ சேர்த்துவிட்டால் வேலை செய்யாது. இதில் ஒரு வேடிக்கை, இந்த ஃபைலின் கொள்ளுத்தாத்தாவின் பெயரே ‘ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’தான்!

ஒரு பெயரைக் கேட்டால், வழக்கமாக கம்ப்யூட்டர் முதலில் இந்த ஃபைலைத்தான் பார்க்கும். இங்கே இல்லையென்றால்தான் வெளியே போய் விசாரிக்கும். வீட்டுக்குள்ளேயே பதில் இருக்கும்போது ஊரைக் கேட்பானேன் என்கிற கணக்கு. சரி, ஏன் இப்படி ஒரு ஃபைல்? ஏன் குறிப்பாக 127? எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு என்று முடிவு செய்யும் உரிமை உலகத்தில் யாரிடம் இருக்கிறது? மூன்று கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஆளிடம்தான் போய் நிற்போம். நீளத் தாடி, காலில் செருப்பு, அதிகம் பேசாத சுபாவம். பெயர் ஜான் போஸ்டல்.

நான்கு கம்ப்யூட்டர் காலம்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் பிறந்தது 1943 ஆகஸ்ட் 6, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஆல்டடீனாவில். படித்தது லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் உயர்நிலைப் பள்ளி. பின்னாளில் இணையத்தின் தந்தையரில் ஒருவராகக் கொண்டாடப்பட்ட விண்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் இருவரும் அதே பள்ளிதான். மூவரும் ஒன்றாக வேலை பார்த்தது யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில்.

அங்கே லென்னர்ட் கிளைன்ராக் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இவர்கள் எல்லாம் மாணவர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ‘ஆர்பாநெட்’ என்ற நெட்வொர்க் உருவாகிக்கொண்டிருந்த நேரம். 1969 அக்டோபர் 29 அன்று யுசிஎல்ஏவிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனமான எஸ்.ஆர்.ஐ.க்கு முதல் செய்தி போனது. லாகின் என்ற வார்த்தையில் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அந்த ஆண்டு முடியும்போது நெட்வொர்க்கில் இருந்த மையங்கள் மொத்தம் நான்கு.

இந்த நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை மாணவர்களே குறிப்புகளாக எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். அதிகாரமாக உத்தரவு போடுவதுபோல இருக்கக் கூடாது என்பதற்காக, கருத்துக் கேட்கும் குறிப்பு என்ற பொருளில் ‘ஆர்.எஃப்.சி.’ என்று பெயர் வைத்தார்கள். முதல் குறிப்பை 1969 ஏப்ரலில் எழுதியவர் கிராக்கர். அவற்றைச் சேகரித்து, திருத்தி, எண் போட்டு வெளியிடும் பொறுப்பு போஸ்டலிடம் வந்தது. சாகும்வரை அவர்தான் எடிட்டர்.

எடிட்டர் என்றால் ஏதோ அலங்காரப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். இன்று நாம் மெயில் அனுப்புவதும் வெப்சைட் பார்ப்பதும் அந்தக் குறிப்புகளில் இருக்கும் விதிகளின்படிதான். 1981 செப்டம்பரில் வெளியான ஐபி, டிசிபி விதிமுறைகளின் எடிட்டர் போஸ்டல். 1982-ல் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி விதிமுறையை எழுதியவரும் அவரே. அதே மனிதர்தான், புறாவின் காலில் கட்டி டேட்டா அனுப்புவது எப்படி என்று 1990 ஏப்ரல் 1 அன்று ஒருவர் எழுதிய கிண்டல் குறிப்பையும் முறையாக எண் போட்டு வெளியிட்டவர். 2001-ல் நார்வேயில் ஒரு குழு நிஜப் புறாக்களை வைத்து அதைச் செய்தே காட்டிவிட்டது என்பது தனிக் கதை!

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பட்டியல்

எடிட்டர் வேலையோடு இன்னொரு வேலையும் யாரும் கேட்காமலேயே அவரிடம் ஒட்டிக்கொண்டது. நெட்வொர்க்கில் எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். எந்தச் சேவை எந்த எண்ணில் ஓடும்? இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் குழப்பம். யாராவது ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும். போஸ்டல் அதை நோட்டுத் தாளில் எழுத ஆரம்பித்தார். 1972 மே மாதம் ஒரு குறிப்பில், இந்த எண்களை வழங்க ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும், அது நானாகக்கூட இருக்கலாமே என்று பாதி விளையாட்டாகக் கேட்டிருந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. கடைசிவரை அதற்குத் தேர்தலோ நியமன விழாவோ நடக்கவே இல்லை.

1974-ல் டாக்டர் பட்டம் வாங்கி, சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு, 1977-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். மரீனா டெல் ரே என்ற கடற்கரைப் பகுதியில் அலுவலகம். பட்டியலும் கூடவே வந்தது. பின்னாளில் அந்த வேலைக்கு ‘ஐயானா’ என்று ஒரு பெயர் வந்தது. இணைய எண்களை வழங்கும் ஆணையம் என்று கம்பீரமாக அர்த்தம் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் காகிதக் குவியலுக்கு நடுவே போஸ்டலும், ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் என்ற சக ஊழியரும், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும்தான்.

நம்ம 127-ம் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. அன்றைய கணக்குப்படி பெரிய நெட்வொர்க்குகளுக்கான எண் வரிசை 127-ல் முடியும். 1981 செப்டம்பரில் போஸ்டல் வெளியிட்ட பட்டியலில் அந்தக் கடைசி எண்ணை யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருந்தார். 1986 நவம்பரில் ரெய்னால்ட்ஸும் அவரும் வெளியிட்ட பட்டியலில் அதற்கு வேலை எழுதப்பட்டது: இந்த எண்ணுக்கு அனுப்பும் எதுவும் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது, திரும்பித் தனக்கே வர வேண்டும். லூப்பேக் என்பது இதுதான். தாராளமாகத்தான் ஒதுக்கினார்கள். 127-ல் தொடங்கும் முகவரிகள் மொத்தம் 1.67 கோடிக்கும் மேல். நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று!

வெப்சைட்டுக்கான போர்ட் எண் 80-ம் இவர்கள் பட்டியலில் பதிவானதுதான். 1992 ஜூலை பட்டியலில் டிம் பெர்னர்ஸ்-லீ பெயரில் அது இருக்கிறது.

எல்லாப் பெயரும் ஒரே ஃபைலில்

எண் சரி, பெயர்? மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது. அதனால் கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் வைத்தார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற மொத்தப் பட்டியலையும் எஸ்.ஆர்.ஐ.யில் எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமையிலான குழு ஒரே ஃபைலில் வைத்திருந்தது. அதுதான் ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அந்தக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் ஃபைலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லா இடங்களும் அந்த ஃபைலை டவுன்லோடு செய்து தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளும். உலகத்தின் மொத்த டெலிபோன் டைரக்டரியும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காப்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1981 ஆகஸ்டில் நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்கள் 213. அதுவரை சமாளிக்க முடிந்தது. 1983 ஆகஸ்டில் 562. 1984 அக்டோபரில் 1,024. ஃபைல் பெருத்துக்கொண்டே போனது. ஒருவர் டவுன்லோடு செய்த காப்பியில் இருப்பது இன்னொருவர் காப்பியில் இருக்காது. ஒருவர் வைக்க நினைத்த பெயரை வேறு ஊரில் ஒருவர் ஏற்கெனவே எடுத்திருப்பார்.

மாற்று வழிக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். போஸ்டல் அந்த யோசனைகளை எல்லாம் தன் நிறுவனத்தில் இருந்த பால் மொக்காபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் கொடுத்து, இவற்றுக்கு நடுவே ஒரு சமரசம் கண்டுபிடிக்கச் சொன்னார். மொக்காபெட்ரிஸ் எதையும் சமரசம் செய்யவில்லை. எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகவே ஒன்றை வடிவமைத்தார். 1983 நவம்பரில் வெளியான அந்த வடிவமைப்புதான் டிஎன்எஸ். போஸ்டலும் கோபித்துக்கொள்ளவில்லை, அதையே எடுத்துக்கொண்டார். நல்ல மேனேஜருக்கு இதைவிட அடையாளம் வேண்டுமா என்ன!

டிஎன்எஸ்ஸின் சூட்சுமம் பொறுப்பைப் பிரித்துக்கொடுப்பது. மொத்தப் பட்டியலும் யாரிடமும் இருக்காது. உச்சியில் இருக்கும் ரூட் சர்வருக்கு, டாட் காம் பற்றிக் கேட்டால் யாரிடம் போகணும் என்று மட்டும்தான் தெரியும். டாட் காம் சர்வருக்கு அதன் கீழ் உள்ள பெயர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தெரியும். அதற்குக் கீழே அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கு. காம், எடு, கவ், மில், ஆர்க் என்று உச்சிப் பெயர்களை வரையறுத்த 1984 அக்டோபர் குறிப்பை எழுதியவர்கள் போஸ்டலும் ரெய்னால்ட்ஸும்.

நாடுகளுக்கான பெயர்களில் அவர் காட்டிய சாமர்த்தியம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. எது நாடு, எது நாடு இல்லை என்ற வம்பில் மாட்டினால் மீளவே முடியாது. ஐஎஸ்ஓ அமைப்பு ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டெழுத்துப் பட்டியலில் இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று முடித்துக்கொண்டார். எது நாடு என்று முடிவு செய்வது எங்கள் தொழில் இல்லை என்ற கருத்தை 1994 மார்ச் குறிப்பில் எழுதியே வைத்தார். இந்தியாவின் ‘டாட் இன்’ 1989-ல் இந்தப் பட்டியல் வழியாக வந்ததுதான். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே உச்சிப் பெயர்கள் வந்தது அவர் மறைவுக்கு ரொம்பப் பிறகு.

டிஎன்எஸ் வந்த பிறகு ஹோஸ்ட்ஸ் ஃபைல் செத்துவிட்டதா? இல்லை. மொத்த உலகத்துக்கான அந்தப் பெரிய காப்பி போய்விட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதன் இருக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில்தான் இன்றைய டெவலப்பர் தன் டெஸ்ட் பெயரை எழுதுகிறார்.

அந்த ஜனவரி வாரம்

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பணம் உள்ளே வந்ததும் கதை மாறியது.

1990-களில் டாட் காம் பெயர்களைப் பதிவு செய்யும் வேலை, அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் ‘நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்’ என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. 1995 செப்டம்பரிலிருந்து அவர்கள் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர், முதல் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 100 டாலர் என்று வசூலிக்க ஆரம்பித்தார்கள். போட்டிக்கு யாரும் இல்லை. புதிய உச்சிப் பெயர்களைத் திறந்துவிட்டால் போட்டி வரும் என்று போஸ்டல் தரப்பு திட்டம் போட்டது. ட்ரேட்மார்க் வைத்திருந்த நிறுவனங்கள், அரசுகள், நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அமெரிக்க அரசு, இதில் கடைசி வார்த்தை எங்களுடையது என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தது. போஸ்டலுக்கு இருந்ததோ பல்கலைக்கழகம் வழியாக வரும் அரசு ஆய்வு நிதியும், கால் நூற்றாண்டாக மற்றவர்கள் வைத்திருந்த நம்பிக்கையும்தான். சட்டப்படி அதிகாரம் யாருக்கு என்பதை எவருமே தெளிவாக எழுதி வைத்திருக்கவில்லை.

அப்போது உலகில் ரூட் சர்வர்கள் 13. வர்ஜீனியாவில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வைத்திருந்த ‘ஏ’ சர்வர்தான் தலை. மற்ற 12-ம் அதைப் பார்த்துத்தான் தினமும் காப்பி எடுக்கும். 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் சில ரூட் சர்வர்களை நடத்துபவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். இனிமேல் ‘ஏ’ சர்வரிலிருந்து காப்பி எடுக்க வேண்டாம், ஐயானாவின் சர்வரிலிருந்து எடுங்கள் என்பதுதான் விஷயம்.

அந்த 12-ல் எட்டு பேர் மாற்றிவிட்டார்கள். அரசு அமைப்புகள் நடத்தியவை பழையபடியே இருந்தன. உத்தரவு போட அவருக்கு என்ன உரிமை என்று அந்த எட்டு பேர் கேட்கவில்லை. கேட்டது ஜான், அவ்வளவு போதும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் நாம் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஊர் என்ன சொன்னாலும், என் லேப்டாப்பில் இந்தப் பெயருக்கு இதுதான் பதில் என்று நாம் ஒரு வரி எழுதுகிறோம். போஸ்டலின் மெயில், உலகத்தின் பெரும் பகுதிக்கு அப்படி ஒரு வரி எழுதும் வசதியைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அவர் எதையும் மாற்றவில்லை. தன் சர்வரில் வைத்திருந்ததும் அதே பழைய பட்டியல்தான். அதனால் இணையத்தில் இருந்த யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வாஷிங்டனுக்குத் தெரிந்தது. இணையக் கொள்கையைக் கவனித்துக்கொண்டிருந்த அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசினர், உடனே பழையபடி மாற்றச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கும் அழுத்தம் போனது. போஸ்டல், இது எதிர்கால மாற்றத்துக்கான ஒரு டெஸ்ட் மட்டுமே என்று விளக்கம் சொன்னார். சில நாள்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. அவர் மெயில் அனுப்பிய இரண்டாவது நாள், ஜனவரி 30 அன்று, அமெரிக்க அரசு தன் கொள்கை வரைவை வெளியிட்டது. ரூட் எங்கள் கட்டுப்பாட்டில், பிறகு ஒரு புதிய அமைப்பிடம் ஒப்படைப்போம் என்பதுதான் அதன் சாரம்.

அது டெஸ்ட்தானா, அரசுக்கு விட்ட சவாலா? இன்றும் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் டெஸ்ட் என்று நம்புவது கஷ்டம்தான். அதேசமயம், இன்னொன்றையும் சொல்லணும். கெடுக்கும் எண்ணம் இருந்திருந்தால் அந்த வாரத்தில் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். புதிய உச்சிப் பெயர்களைச் சேர்த்திருக்கலாம், டாட் காமை வேறு கைக்கு மாற்றப் பார்த்திருக்கலாம். ஒரு எழுத்தைக்கூட அவர் தொடவில்லை.

எட்டு மாதம்

அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளில் போஸ்டல் மல்லுக்கட்டவில்லை. தன் நோட்டுப் புத்தகப் பட்டியலை ஒரு முறையான அமைப்பிடம் ஒப்படைக்கும் வேலையில் தானே இறங்கினார். 1998 செப்டம்பர் 30 அன்று ‘ஐகேன்’ என்ற அந்த அமைப்பு பதிவானது. அடுத்த 16-வது நாள், அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் லாஸ் ஏஞ்சலஸில் அவர் இறந்துபோனார். வயது 55. பட்டியலும் மெயில்களும் இல்லாத நேரத்தில் சியரா மலைகளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்று நண்பர்கள் சொல்வார்கள்.

விண்ட் செர்ஃப் அவருக்கு எழுதிய அஞ்சலியும் ஒரு ஆர்.எஃப்.சி.யாகவே வெளியானது. எண் 2468. தலைப்பில் போஸ்டல் என்ற பெயரே இல்லை. ஐயானாவை நினைவுகூர்கிறேன் என்ற பொருளில்தான் தலைப்பு. அந்த ஆணையமும் அவரும் வேறு வேறு இல்லை என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அப்போ எந்தப் பெயரை வைப்பது?

டெவலப்பர்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் பகுதி இது. போஸ்டல் மறைந்து எட்டு மாதம் கழித்து, 1999 ஜூனில், நான்கு உச்சிப் பெயர்கள் யாருக்கும் விற்கப்படாமல் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டன: டெஸ்ட், எக்ஸாம்பிள், இன்வாலிட், லோக்கல்ஹோஸ்ட். 127-ஐ ஒதுக்கிய அதே பாணி.

இதைக் கண்டுகொள்ளாதவர்கள் பின்னாளில் பட்டார்கள். பல டெவலப்பர்கள் தங்கள் லேப்டாப்பில் ‘டாட் டெவ்’ என்று முடியும் பெயர்களை இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடக்கிற பெயர்தானே என்ற நினைப்பு. ஐகேன் புதிய உச்சிப் பெயர்களைத் திறந்துவிட்டபோது டாட் டெவ்வைக் கூகுள் எடுத்துக்கொண்டது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, அந்தப் பெயர்களை எல்லாம் எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறப்பேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. லேப்டாப்பில் சர்டிஃபிகேட் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த சைட்டுகள் அன்றைக்கே நின்றுபோயின. 2019-ல் டாட் டெவ் பொது விற்பனைக்கே வந்துவிட்டது.

இந்த மாதிரி மோதல்களைக் கண்டுபிடிக்க ஐகேன் ஒரு தந்திரமும் வைத்திருந்தது. புதிதாகத் திறக்கப்பட்ட உச்சிப் பெயர்களுக்கு ஆரம்ப நாள்களில் 127.0.53.53 என்ற முகவரியைப் பதிலாகத் தந்தார்கள். 53 என்பது டிஎன்எஸ்ஸின் போர்ட் எண். விநோதமான அந்த முகவரியைப் பார்த்ததுமே, எங்கேயோ பெயர் இடிக்கிறது என்று அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்பவர் சந்தேகப்படட்டும் என்பதுதான் யோசனை. 127-ல் தொடங்குவதால் செய்தி கம்ப்யூட்டரை விட்டு வெளியே கசியவும் செய்யாது.

ஆகவே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதும்போது டாட் டெஸ்ட் என்று முடியும் பெயர் பாதுகாப்பானது. டாட் லோக்கல்ஹோஸ்ட் என்று முடித்தால் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் ஃபைலில் எழுதாமலேயே உங்கள் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். டாட் லோக்கல் வேண்டாம், வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டர் மாதிரியான கருவிகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ள அது ஏற்கெனவே பயன்படுகிறது. ஒரு அலுவலகத்தின் உள் நெட்வொர்க் முழுவதற்கும் பெயர் வேண்டுமென்றால், 2024 ஜூலையில் ஐகேன் நிரந்தரமாக ஒதுக்கிய டாட் இன்டெர்னல் இருக்கிறது.

இரண்டு விஷயம் இந்த ஃபைலால் முடியாது. போர்ட் எண்ணை இதில் எழுத முடியாது. 3000-ல் ஓடும் சைட்டை எண் இல்லாமல் திறக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு வெப் சர்வரை நிறுத்த வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லா சப்டொமைனையும் ஒரே வரியில் அடக்கவும் முடியாது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத்தான் எழுதணும், 1970-களில் எஸ்.ஆர்.ஐ.யில் எழுதிக்கொண்டிருந்த மாதிரியே.